வரிக்கு உட்படாத வருமானம்

வருமான வரி என்ற சொல் காதில் விழுந்ததும், "எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்பதே உலக வழக்கு. வரலாறு பயில்வோர் அதனோடு மற்றொரு கேள்வியையும் கேட்க வேண்டும்: "எதற்குக் கட்ட வேண்டுவதில்லை? ஏன்?" ஓர் அரசு எவற்றின்மீது வரி விதித்தது என்று பார்த்தால் அதன் தேவை விளங்கும். எவற்றை விட்டுவிட்டது என்று பார்த்தால் அதன் கொள்கை விளங்கும். சில வேளைகளில் அதன் அச்சமும் விளங்கும்.

மாணவர்களே, இன்னும் சில ஆண்டுகளில் நீங்கள் ஒவ்வொருவரும் வருமான வரிப் படிவத்தை நிரப்பப் போகிறவர்கள். அந்தப் படிவத்தில் விலக்குப் பெற்ற வருமானத்திற்கென்று ஓர் இடம் இருக்கும். அங்கே வந்து நிற்பவற்றுள் ஒன்று வேளாண்மை வருமானம். உழவிலிருந்து வரும் வருமானத்தின்மீது மைய அரசு நேராக வரி விதிப்பதில்லை என்பது நம் நாட்டில் அனைவரும் அறிந்த செய்தி. ஆனால் அது எப்பொழுது, எதனால் ஏற்பட்டது என்று கேட்டால் விடை கூறுவோர் மிகச் சிலரே. அந்த வரலாற்றைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1857-ஆம் ஆண்டுப் பெருங்கிளர்ச்சியை அடக்குவதில் ஆங்கில அரசு பெரும்பொருள் செலவிட்டது. கருவூலம் வறண்டது, கடன் பெருகியது. நிதி நிலையைச் சீர்செய்வதற்காக ஜேம்ஸ் வில்சன் என்பவர் இங்கிலாந்திலிருந்து அனுப்பப்பட்டார். ஸ்காட்லாந்தில் தொப்பி வணிகத்தில் தொடங்கி, 1843-இல் 'எகானமிஸ்ட்' என்னும் இதழை நிறுவி, பின்னர்ப் பாராளுமன்ற உறுப்பினராக உயர்ந்தவர் அவர். 1860-ஆம் ஆண்டில் அவர் கொண்டுவந்த திட்டத்தின்படி, அவ்வாண்டு ஜூலை 24 முதல் இந்தியாவில் வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இவ்வரி இந்நாட்டு மரபுக்குப் புறம்பானதன்று என்று காட்டுவதற்காக அவர் மனுவின் நூலைக்கூடத் துணைக்கு அழைத்தார். சட்டம் பிறந்து மூன்று வாரம் முடியுமுன்பே, ஆகஸ்டு மாதம் 11-ஆம் நாள், கல்கத்தாவில் வயிற்றுக்கடுப்பு நோயால் அவர் காலமானார்.

அந்த முதற் சட்டத்திலேயே விலக்கு என்னும் கருத்து இடம்பெற்றது. ஆண்டுக்கு 200 ரூபாய்க்குக் குறைந்த வருமானம் உடையவர்கள் வரி கட்ட வேண்டியதில்லை. 200 முதல் 500 ரூபாய் வரை நூற்றுக்கு 2 வீதமும், அதற்கு மேல் நூற்றுக்கு 4 வீதமும் வரி விதிக்கப்பட்டது. நிலத்திலிருந்து வரும் வருமானத்திற்கு விலக்கு இருந்ததா? இல்லை. வணிகன் வருமானம், உத்தியோகஸ்தன் சம்பளம், நில உடைமையாளன் வரும்படி ஆகிய அனைத்தும் அச்சட்டத்தின் வலைக்குள் அகப்பட்டன. "1793-இல் காரன்வாலிஸ் பிரபு செய்த நிரந்தர ஏற்பாட்டின்படி நாங்கள் செலுத்தும் தொகை என்றென்றைக்குமாக முடிவு செய்யப்பட்டது, இனி எங்கள்மீது புதுச் சுமை ஏற்றலாகாது" என்பது வங்காள ஜமீன்தார்களின் வாதம். வில்சன் அதனை ஏற்கவில்லை.

இவ்வரிக்கு எழுந்த எதிர்ப்பில் நம் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. அப்பொழுது சென்னை மாகாணத்தின் கவர்னராக இருந்தவர் சர் சார்லஸ் டிரெவில்யன். புதிய வரிகள் வேண்டா, படைச்செலவைக் குறைத்தாலே போதும் என்பது அவர் கொள்கை. அக்கருத்தை எழுதி மேலிடத்துக்கு அனுப்பியதோடு அவர் நிற்கவில்லை. அதனைப் பத்திரிகைகளுக்கும் கொடுத்துவிட்டார். ஒரு கவர்னரே அரசின் வரித்திட்டத்தை வெளிப்படையாக எதிர்ப்பதை லண்டன் பொறுக்குமா? 1860-லேயே அவர் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டார். எனினும் காலச்சக்கரத்தின் சுழற்சியைப் பாருங்கள். சில ஆண்டுகளுக்குள் அதே டிரெவில்யன் இந்திய அரசின் நிதி உறுப்பினராகவே திரும்பி வந்தார். அவர் பதவிக்காலத்தில், 1865-இல், வில்சனின் வருமான வரி காலாவதியாகிவிட்டது.

ஆயினும் அது அடியோடு மறைந்துவிடவில்லை. 1869-இல் மீண்டும் உயிர் பெற்று, 1873-இல் மீண்டும் கைவிடப்பட்டது. அந்த வரியிலும் நில வருமானம் அடங்கியே இருந்தது. அதன்பின் வந்தது 1876 முதல் 1878 வரை தென்னாட்டை உலுக்கிய தாது வருஷப் பஞ்சம். பஞ்ச நிவாரணத்துக்குப் பொருள் வேண்டும். அதற்காக வணிகர்மீதும் தொழில் நடத்துவோர்மீதும் லைசென்சு வரி விதிக்கப்பட்டது. வங்காளத்திலும் வட மாகாணங்களிலும் நிலத்தின்மீது கூடுதல் தீர்வைகள் ஏற்றப்பட்டன. இந்தப் பகுப்பை மாணவர்கள் நன்கு மனத்திற் கொள்ள வேண்டும். வணிகனுக்கு ஒரு வரி, நிலத்துக்கு மற்றொரு வரி என்று இரண்டு வாய்க்கால்கள் அப்பொழுதே பிரிந்துவிட்டன.

1885-இல் ஆப்கானிஸ்தானத்தின் எல்லையில் ருஷியப் படை நெருங்கியதாலும், மேல் பர்மாவின்மீது படையெடுத்ததாலும் செலவு மிகுந்தது. 1886-ஆம் ஆண்டில், டப்ரின் பிரபு வைசிராயாக இருந்தபோது, நிலையான வருமான வரிச் சட்டம் பிறந்தது. ஆண்டுக்கு 500 ரூபாய்க்குக் குறைந்த வருமானத்துக்கு வரி இல்லை. 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட சம்பளத்துக்கு ரூபாய்க்கு 5 பை. ஒரு ரூபாய்க்கு 192 பை என்ற பழைய கணக்கை நினைவிற் கொண்டால், அது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு என்பது புலனாகும். இச்சட்டத்தில்தான் வேளாண்மை வருமானம் என்பதற்கு ஒரு வரையறை எழுதப்பட்டு, அதற்கு விலக்கும் அளிக்கப்பட்டது.

அந்த வரையறையின் உட்பொருளைக் கவனியுங்கள். நிலம் வேளாண்மைக்குப் பயன்பட்டால் மட்டும் போதாது. அந்த நிலம் சர்க்காருக்கு நிலவரி செலுத்துவதாகவோ, அரசு அலுவலரால் விதித்துத் தண்டப்படும் தலத்தீர்வைக்கு உட்பட்டதாகவோ இருத்தல் வேண்டும் என்பது நிபந்தனை. இந்நிபந்தனையே விலக்கின் காரணத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறது. உழவன் முன்னரே ஒரு கையால் வரி கொடுத்துவிட்டான். மற்றொரு கையிலும் கேட்பது முறையன்று. நம் மாகாணத்தில் தாமஸ் மன்றோ வேரூன்றச் செய்த ரயத்துவாரி முறையில், பயிரிடும் குடியானவனே சர்க்காருக்கு நேராக நிலவரி செலுத்தி வந்தான். மழை பொய்த்தாலும் கிஸ்திக் காலம் பொய்க்காது. அத்தகையவனிடம் வருமான வரியும் கேட்பது இரட்டை வரியாகும். ஆகவே இவ்விலக்கு உழவனுக்கு இட்ட பிச்சை அன்று. முன்னரே பெற்றுக்கொண்ட தொகைக்கு ஈடு.

இந்த ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டால், விலக்குகளின் காடு முழுவதிலும் வழி தெரியும். சட்டம் ஒரு வருமானத்தை விட்டுவிடுகிறது என்றால், பெரும்பாலும் அதற்கு ஒரு காரணம் இருக்கும். அது முன்னரே வேறிடத்தில் வரி செலுத்தியதாக இருக்கலாம். இந்துக் கூட்டுக்குடும்பம் தன் வருமானத்துக்கு வரி செலுத்திவிட்டால், அதிலிருந்து தன் பங்கைப் பெறும் உறுப்பினன் மீண்டும் செலுத்த வேண்டுவதில்லை. அல்லது, பொதுநன்மை கருதி விடப்பட்டதாக இருக்கலாம். கல்விச் செலவுக்கென வழங்கப்படும் உதவித்தொகைக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 10-ஆம் பிரிவு விலக்களித்தது இவ்வகையைச் சேரும். மாணவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். படிப்பதற்கென்று கொடுத்தது உதவித்தொகை. மாலையில் நாலு பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துப் பெறுவது உழைப்புக்குக் கிடைத்த ஊதியம். முன்னது விலக்குப் பெறும், பின்னது வருமானமே. இவ்வூதியத்தைச் சேர்த்தும் மொத்த வருமானம் வரம்புக்குக் கீழே இருந்தால் வரி இராது என்பது உண்மை. அஃது அளவு குறைந்தமையால் வந்த நன்மை. தன்மையால் வந்த விலக்கு அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்ளலாகாது.

மீண்டும் வேளாண்மைக்கு வருவோம். 1924-இல் அமைக்கப்பட்ட இந்திய வரி விசாரணைக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர், சென்னை மாகாண ஆட்சியில் பணிபுரிந்த சர் சார்லஸ் டாட்ஹண்டர். இவ்விலக்கு தொடர்வதற்கு வரலாற்று முறையிலும் கொள்கை முறையிலும் நியாயம் இல்லை என்றும், ஆனால் அதனை நீக்குவதற்கு நிர்வாகத் தடைகளும் அரசியல் தடைகளும் உள்ளன என்றும் அக்குழு கருத்துக் கூறியது. தொடக்கத்தில் நான் அச்சம் என்று குறித்தது இதைத்தான்.

1935-ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் வேளாண்மை வருமான வரியை மாகாணங்களின் கையில் ஒப்படைத்தது. 1938-இல் பீகார் முதலில் அத்தகைய வரியை விதித்தது. 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியலமைப்பும் அந்தப் பகுப்பையே ஏற்றது. வேளாண்மை நீங்கலான வருமானத்தின்மீது வரி விதிக்கும் உரிமை ஒன்றியப் பட்டியலிலும், வேளாண்மை வருமானத்தின்மீது வரி விதிக்கும் உரிமை மாநிலப் பட்டியலிலும் இடம்பெற்றன. அவ்வுரிமையைக் கொண்டு 1955-இல் சென்னை அரசு தோட்டப் பயிர் வருமானத்துக்கு ஒரு வரிச் சட்டம் இயற்றியது. தேயிலையின் நிலைமை சுவையானது. கொழுந்து கிள்ளுவது வரை உழவு. அதனை வாட்டி, உருட்டி, உலர்த்துவது தொழிற்சாலை வேலை. ஆகவே, தானே பயிரிட்டுத் தானே தேயிலை ஆக்குவோரின் வருமானத்தில் 40 விழுக்காடு வணிகம், 60 விழுக்காடு வேளாண்மை என்று 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதிகள் பங்கிட்டன. 1962-ஆம் ஆண்டு விதிகளிலும் அப்பங்கீடு தொடர்ந்தது.

எது வேளாண்மை என்ற கேள்வியும் நீதிமன்றம் ஏறியது. ராஜா பினய்குமார் சகஸ்ராய் என்பவருக்குச் சொந்தமான காட்டு மரங்களின் விற்பனை பற்றிய வழக்கில் 1957-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பு அளித்தது. நிலத்தை உழுதல், விதைத்தல், நடுதல் போன்ற அடிப்படை உழைப்பு நிலத்தின்மீதே நிகழ்ந்திருக்க வேண்டும்; அதன்பின் செய்யும் களையெடுத்தல், காத்தல், அறுவடை முதலியன அதனோடு சேர்ந்தே வேளாண்மை ஆகும் என்று நீதிமன்றம் விளக்கியது. மனிதர் கைப்படாமல் தானே முளைத்த காட்டை வெட்டி விற்பது வேளாண்மை ஆகாது. இவ்விளக்கத்தை நம் ஊர்ப்புறத்தில் பொருத்திப் பாருங்கள். மாந்தோப்பை வளர்த்துக் காய் விற்பவனுக்கு வருவது வேளாண்மை வருமானம். மரத்தில் நிற்கும் காயைக் குத்தகை பேசி வாங்கிப் பறித்து விற்கும் வியாபாரிக்கு வருவது வணிக இலாபம். பால் விற்பதும் கோழி வளர்ப்பதும் சிற்றூரிலேயே நடந்தாலும், அவை இவ்வரையறைக்குள் வருவதில்லை.

இப்பொழுது வரலாற்றின் முக்கியமான திருப்பத்துக்கு வருகிறோம். விடுதலைக்குப்பின் நிலவரி மெல்ல மெல்லச் சிறுத்தது. ஜமீன்தாரி முறையை ஒழித்து ரயத்துவாரி முறையாக மாற்றும் சட்டம் சென்னையில் 1948-இல் வந்தது. பண்டைக் காலத்தில் அரசின் வருவாய்க்கே முதுகெலும்பாக இருந்த நிலவரி, பெயரளவில் நிற்கும் ஒன்றாயிற்று. சில மாநிலங்கள் அதனைத் தள்ளுபடி செய்யவும் தொடங்கின. நிலவரி இல்லாத நிலத்தின் விளைவுக்குப் பழைய வரையறைப்படி விலக்குக் கிட்டாதல்லவா? ஆகவே 1970-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், நிலவரி செலுத்திய நிலம் என்ற நிபந்தனையை எடுத்துவிட்டு, இந்தியாவில் அமைந்த நிலம் என்று மட்டும் எழுதியது. எந்தக் காரணத்துக்காக விலக்குப் பிறந்ததோ, அந்தக் காரணம் வரையறையிலிருந்தே நீங்கியது. விலக்கு மட்டும் நின்றது.

இதனால் உழவனுக்கு அளிக்கும் சலுகை தகாது என்று நான் கூறுவதாக யாரும் கருத வேண்டா. வானத்தை நம்பி வாழும் சிறு விவசாயியின் வருமானம், விலக்கே இல்லாவிடினும் பெரும்பாலும் வரி வரம்பை எட்டாது. கேள்வி அவனைப் பற்றியதன்று. நகரத்தில் பெருந்தொழிலும் ஊரில் பெருநிலமும் உடையவரைப் பற்றியதே கேள்வி. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்ற பொருளியல் அறிஞர் கே. என். ராஜ் தலைமையில் 1972-இல் ஒரு குழு இதனை ஆராய்ந்தது. 1973-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் ஓர் இடைவழியைக் கண்டது. வேளாண்மை வருமானத்துக்கு நேராக வரி விதிக்க ஒன்றியத்துக்கு உரிமை இல்லை. ஆனால் ஒருவருடைய மற்ற வருமானத்துக்கு எந்த வீதம் பொருந்தும் என்று அறிவதற்கு வேளாண்மை வருமானத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்பதே அந்த வழி.

ஒரு கணக்கால் இதனை விளக்குகிறேன். பழைய முறை எனப்படும் வீத அட்டவணையைக் கொள்வோம். அதில் 2,50,000 ரூபாய் வரை வரி இல்லை. 5 லட்சம் வரை நூற்றுக்கு 5. 10 லட்சம் வரை நூற்றுக்கு 20. ஒருவருக்கு உத்தியோக வருமானம் 6 லட்சம். வேளாண்மை வருமானம் 4 லட்சம். இரண்டையும் கூட்டி 10 லட்சத்துக்கு வரி கண்டால் 1,12,500 ரூபாய். பின்பு வேளாண்மை வருமானத்தோடு 2,50,000-ஐக் கூட்டி, அந்த 6,50,000-க்கு வரி கண்டால் 42,500 ரூபாய். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் 70,000 ரூபாய். மேல்தீர்வை நீங்கலாக அவர் செலுத்த வேண்டியது இதுவே. வேளாண்மை வருமானத்தைக் காட்டாமல் 6 லட்சத்துக்கு மட்டும் கணக்கிட்டால் 32,500 ரூபாய்தான் வரும். மறைத்தவர் பிடித்துக்கொண்டது 37,500 ரூபாய். வேளாண்மை வருமானம் 5,000 ரூபாயைக் கடந்து, மற்ற வருமானமும் வரம்பைக் கடந்திருந்தால் இக்கணக்கு பொருந்தும்.

நான் ஓய்வுபெற்ற பின் அண்டை அயலார் சிலர் படிவத்தைக் கொண்டுவந்து ஐயம் கேட்பதுண்டு. அவர்கள் பெரும்பாலும் கேட்பது, "ஐயா, வரி இல்லாத வருமானத்தை எதற்காக எழுதிக் காட்ட வேண்டும்?" என்பதே. மேற்கண்ட கணக்கே அதற்கு முதல் விடை. இரண்டாவது விடை இன்னும் ஆழமானது. வேறு வழியில் வந்த பணத்தை 'விளைச்சல்' என்று எழுதிவிட்டால் கேட்பாரில்லை என்று எண்ணுவோர் உண்டு. அதற்கு விடை நிலத்தில் இருக்கிறது. பட்டாவும் சிட்டாவும் அடங்கலும் விற்பனைச் சீட்டும் பேசும். மூன்று ஏக்கர் புஞ்சையில் எத்தனை மூட்டை விளையும் என்பதை ஊரறியும். பொய் விளைச்சல் எழுதுபவர், மாதச் சம்பளத்தில் முன்னதாகவே வரி பிடிக்கப்படும் எழுத்தர்மீதும் ஆசிரியர்மீதும் தம் சுமையை இறக்கிவைக்கிறார். அதோடு, உண்மையாக உழுபவனுடைய விலக்கின்மீதும் நாட்டார்க்கு ஐயம் உண்டாகும்படி செய்கிறார். இரண்டாவது தீங்கே பெரிது.

விலக்கு என்பது நிலைத்த உரிமை என்று எண்ணவும் வேண்டா. பரிசுச்சீட்டை நினையுங்கள். தமிழ்நாட்டில் அரசு பரிசுச்சீட்டு 1968-இல் தொடங்கியபோது, பரிசுத்தொகை எதிர்பாராது வரும் வருமானம் என்ற வகையில் வரியினின்று தப்பியது. 1972-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அதனை வரிக்குள் கொண்டுவந்தது. முன்னாள் மன்னர்களின் மானியத்துக்கு அரசியலமைப்பே வரி விலக்கு அளித்திருந்தது. 1971-இல் 26-ஆம் திருத்தம் மானியத்தையே ஒழித்தது. கம்பெனிப் பங்கின் ஆதாயத்துக்கு, கம்பெனியே அதற்கான வரியைச் செலுத்துகிறது என்ற காரணத்தால், 1997-இல் விலக்கு வந்தது. இடையே ஓராண்டு நீங்கலாக 2020 மார்ச் வரை நீடித்தது. கம்பெனி செலுத்தும் அவ்வரி எடுக்கப்பட்டதும் விலக்கும் போயிற்று. காரணம் மாறியதும் விலக்கு மாறியதற்கு இது நல்ல சான்று.

1922-ஆம் ஆண்டுச் சட்டம் போய் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அதன் இடத்தில், 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்று விதித்து, 2025-இல் புதுச் சட்டம் ஒன்றைப் பாராளுமன்றம் இயற்றியது. விலக்குகளின் பட்டியல் அதில் பிரிவிலிருந்து அட்டவணைகளுக்கு இடம் மாறியிருக்கிறது. வேளாண்மை வருமானம் அப்பட்டியலிலும் இருக்கிறது. 1886-இல் ஓர் அந்நிய அரசு, நிலவரி வாங்கிய காரணத்தால், எழுதிய விலக்கு அது. அதனை இப்படியே வைப்பதா, சிறியவனுக்கு வைத்துப் பெரியவனுக்கு மாற்றுவதா என்று முடிவு செய்யும் பொறுப்பு, வாக்குரிமை பெறப்போகும் உங்களையும் சேர்ந்தது.

அதுவரை, படிவம் உங்கள் கைக்கு வரும் நாளில், ஒவ்வொரு வரும்படியையும் எடுத்துவைத்துக்கொண்டு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது வருமானம்தானா? வருமானமாயின் சட்டம் இதனை விட்டிருக்கிறதா? விட்டிருந்தால், அதற்கு விதித்த நிபந்தனை என் வருமானத்துக்குப் பொருந்துகிறதா? விடை எதுவாயினும், தொகையை அதற்குரிய இடத்தில் எழுதிவிடுங்கள். அதற்கான சீட்டுகளை ஒரு கோப்பில் கட்டிவையுங்கள். விலக்கு அளிப்பது சட்டத்தின் வேலை. உள்ளதை உள்ளபடி சொல்வது குடிமகனின் வேலை.